வாடகைக்கு வந்த மகிழம்

ஏனுங்! ஏனுங்க! சித்த அந்த மரத்துல சாயாதீங்க. இக்கட்டால வந்து இந்தத் திண்டுல உக்காருங்க, நெழல் இங்கியும் இருக்குது. கோவிச்சுக்காதீங்க. ஊட்டுக்காரம்மா உள்ள சீலை எடுக்கப் போயிருக்காங்களா? அப்ப நேரமாகும். நிதானமா உக்காருங்க.

என்னது, தோட்டக்காரனான்னு கேக்கறீங்களா? இந்தக் கொடத்தைப் பாத்துட்டுக் கேக்கறீங்களாக்கும். நல்லாக் கேட்டீங்க போங்க. நான் அப்ரூவல் சென்னியப்பனுங்க. இந்த ரோட்டுல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நிக்குது பாருங்க காம்ப்ளெக்ஸு, அதுல பாதி என்ற கையில பாஸானது. என்ற கையில குடுத்த பைல் ஒண்ணும் திரும்பி வந்ததில்ல. எந்த ஆபீசருக்கு எந்த நேரம் நல்ல நேரம், யாரைக் காத்தால பாக்கோணும், யாரைச் சாப்பாட்டுக்கப்புறம் பாக்கோணும், எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பேர்ப்பட்டவன் இன்னிக்குக் கொடத்தோட நிக்கறேன்னா அதுக்கு ஒரே ஒரு பொம்பளைதானுங்க காரணம்.

சொல்றனுங்க. உங்களுக்கும் பொழுது போகோணுமில்ல.

இந்த மாதிரி பெரிய கட்டடம் கட்டோணும்னா கட்டடப் பிளான் மட்டும் பத்தாதுங்க. பசுமைப் பிளான்னு ஒண்ணு தனியாக் குடுக்கோணும். எங்க மரம், எங்க புல்லு, மழைத்தண்ணி எந்தக் குழிக்குப் போவுது, எல்லாம் படம் போட்டுக் காட்டோணும். முன்னால இருந்த ஆபீசரு தங்கமான மனுசன். படத்தை விரிப்பாரு, பச்சையா இருக்குதான்னு பாப்பாரு, இருந்தாக் கையெழுத்து. எங்க டிராப்ட்ஸ்மேனும் கம்ப்யூட்டர்ல ஒரு மரத்தை வெச்சுக்கிட்டு, எங்கெல்லாம் வெள்ளையா எடம் தெரியுதோ அங்கெல்லாம் அடிச்சு உட்டுருவாரு. மரம்னா என்னங்க, படத்துல ஒரு வட்டம். ஒரு கல்யாண மண்டபத்துப் பிளான்ல மணமேடை மேலயே ஒரு மரம் நின்னுச்சு. அதுவும் பாஸாச்சு. கல்யாணமும் நடந்துக்கிட்டுத்தான் இருக்குது.

அப்பத்தான் அந்தம்மா மாத்தலாகி வந்துச்சு. பவளக்கொடி மேடம். பாத்தா ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கும். காட்டன் சீலை, தோள்ல ஒரு துணிப்பை. நான் போயிக் கும்பிடு போட்டு இந்தக் கட்டடத்துப் படத்தை விரிச்சேன். அந்தம்மா ஒரு வட்டத்து மேல வெரலை வெச்சுச்சு.

"இது என்ன?"

"மரமுங்க மேடம்."

"என்ன மரம்?"

"நல்ல மரமுங்க மேடம்."

சிரிக்கும்னு பாத்தேன். சிரிக்கல. பேனா மூடியைக் கழட்டிட்டு, "பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்"னுச்சு.

அட கெரகமே! என்ற சர்வீஸ்ல மரத்துக்குப் பேரு கேட்ட மொத ஆளு இதுதானுங்க. ஆனா சென்னியப்பன் அசருவனா? எங்க ஊரு டவுன் பஸ்சை நெனச்சுக்கிட்டேன். ஸ்டாப்பு ஸ்டாப்பா வந்தேன். வேப்பமரத்து ஸ்டாப்பா, இது வேம்புங்க மேடம். புங்கமரத்து ஸ்டாப்பா, இது புங்கனுங்க மேடம். பூவரசு, நாவலு, இலுப்பத் தோப்புன்னு ஒரு ஸ்டாப்பு இருக்குது, அதனால ஒரு இலுப்பை. அடுத்த ஸ்டாப்பு அரசமரத்தடி. "அரசமரத்தைச் செவுத்தோரம் வெச்சா கட்டடத்தைப் பொளந்துருமே"ன்னுச்சு. "அப்ப அங்க நிக்க வேண்டாங்க மேடம், அடுத்ததுக்குப் போயிரலாம்"னேன்.

அப்பிடியே வந்துச்சா, ஒரு எடத்துல வெரலு நின்னு போச்சு.

"இது ஜெனரேட்டர் ரூம்தானே? உள்ள ஒரு மரம் நிக்குதே?"

"அது நெழல்ல வளர்ற சாதிங்க மேடம்."

"ரூமுக்குக் கூரை இருக்கே, சென்னியப்பன்."

"குட்டை சாதிங்க."

அந்தம்மா கண்ணாடிக்கு மேல என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. அப்புறம் அந்த வட்டத்தை அடிச்சுப்போட்டு, ரூமுக்கு வெளிய, செவுத்துக்கு இக்கட்டால ஒரு வட்டம் போட்டு, "இங்க மகிழம் வைப்போம்"னு அதுவே எழுதிக்கிச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. கேள்வியும் அதுவே கேட்டுப் பதிலும் அதுவே எழுதிக்குதே, இத்தனை வெகுளியா இருக்குதேன்னு. மழைநீர்க் குழியைக் காட்டி, "இதுக்குத் தண்ணி எந்தப் பக்கம் இருந்து வரும்?"னு கேட்டுச்சு. "மேல இருந்துங்க மேடம்"னேன். அதுக்கும் ஏதோ எழுதிக்கிச்சு. பிளான் பாஸ்!

கட்டடம் ஏறுச்சு. எங்க மொதலாளி தெய்வசிகாமணி கட்டடத்தைச் சுத்தி ஒரு கை மண்ணு தெரியாம பேவர் பிளாக் போட்டுட்டாரு. மரமே ஆகாதுங்க அவருக்கு. "எலை உதுரும், குருவி எச்சமிடும், கார்க்காரன் வந்து என்ற கிட்டக் கத்துவான்"னு சொல்லுவாரு. வட்டம் போட்ட எடத்துலயெல்லாம் கார் நிறுத்தக் கோடு போட்டு வெச்சாச்சு.

அப்ப வருது ஆய்வு. அந்தம்மா நேர்ல வந்து பாத்து, பிளான்ல இருக்கறபடி இருக்குதுன்னு எழுதுனாத்தான் நிறைவுச் சான்று. அது இல்லேன்னா கரண்ட் கனெக்ஷன் இல்ல. கரண்ட் இல்லேன்னா தொறப்பு விழா இல்ல. ஆடித் தள்ளுபடிக்குக் கடை தொறக்கோணும்னு துணிக்கடைக்காரன் லாரியில சரக்கோட நிக்கறான். மொதலாளி என்னையக் கூப்புட்டு, "ஏப்பா சென்னியப்பா, சான்று வரலேன்னா நீ இந்தப் பக்கமே வராதே. ஊருல ஒரு சைட்டுப் பக்கமும் உன்னையப் போக உடமாட்டேன்"னாரு. செய்யக்கூடிய ஆளுதானுங்க. இந்தத் தொழிலு போச்சுன்னா எனக்கு வேற என்னங்க தெரியும்?

ஆனா வழியில்லாத எடத்துலதானுங்க நமக்கு வழி தெரியும். நம்ம வெள்ளிங்கிரி நர்சரி இருக்குது பாருங்க, பைபாஸ்ல. அவன் மரம் வாடகைக்குக் குடுப்பான். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். பந்தல் வாடகை, சேர் வாடகை மாதிரி மரம் வாடகை. ஆளு ஒசரத்துக்கு மேல வளந்த மரமா, பெரிய கருப்புப் பையில வெச்சிருப்பான். பேவர் பிளாக்கை எடுத்து, பள்ளம் பறிச்சு, பையோட எறக்கி, மேல மண்ணைப் போட்டு மூடினா வெச்சு வருசமான மாதிரி இருக்கும். ஆய்வு முடிஞ்சதும் கெளப்பிக்கிட்டுப் போயிருவான். அந்த மரம் ஒவ்வொண்ணும் நம்மளை விட அதிக ஊரு பாத்திருக்கும்.

எல்லாம் இருந்துச்சு, இலுப்பை மட்டும் இல்ல. "அண்ணோவ், பாதாம் மரம் ஒண்ணு இருக்குது. தூரத்துல பாத்தா ரெண்டும் அண்ணந்தம்பி"ன்னான். சரி, எறக்குன்னேன்.

அந்தம்மா வந்துச்சு. மரம் மரமாப் பாத்துச்சு. ஒவ்வொண்ணா எலையைத் தொட்டுச்சு. ஒரு வேம்படியில கருப்புப் பை ஓரம் துருத்திக்கிட்டு இருந்துச்சுங்க. அந்தம்மா பாத்துச்சு. செருப்புக் காலால மண்ணைத் தள்ளி அதுவே மூடிடுச்சு! ஏதோ குப்பைன்னு நெனச்சுக்கிச்சு, பாவம். பாதாம்கிட்ட வந்து ரொம்ப நேரம் நின்னுச்சு. "இது இலுப்பைன்னு எழுதியிருக்கே"ன்னுச்சு. "ஆமாங்க மேடம், சின்னதுல இப்பிடித்தானுங்க இருக்கும், வளர வளர மாறிக்கும்"னேன். "அப்படியா, எனக்குத் தெரியாதே"ன்னுச்சு. சொல்லுங்க, மரம் பாக்கற ஆபீசருக்கு மரம் தெரியல. எப்பிடிங்க நாடு உருப்படும்?

அதோட உட்டிருக்கலாம். என்ற வாயி சும்மா இருக்கல.

"இவ்வளவு அழகா இருக்கே, யாரு பாத்துக்கறாங்க?"ன்னு கேட்டுச்சு. நமக்கு ஒரு நல்ல பேரு கெடைக்கட்டுமேன்னு, "நான்தானுங்க மேடம். என்ற புள்ளைங்க மாதிரி. வெடியால எந்திரிச்சதும் இதுங்க மூஞ்சியிலதான் முழிக்கறது"ன்னேன். அந்தம்மாவுக்கு மொகமெல்லாம் மலந்து போச்சு. "அப்ப உங்க பேரையே போட்டுடறேன்"னுச்சு.

"எதுலீங்க மேடம்?"

"பராமரிப்புப் பொறுப்புன்னு ஒரு எடம் இருக்கு. யாருமே பேரு தர மாட்டாங்க. நீங்களாச்சும் முன்வந்தீங்களே."

அப்புறமேட்டுக்குச் சொல்லுச்சுங்க மத்ததை. இப்பக் குடுக்கறது தற்காலிகச் சான்றுதானாம். ரெண்டு மழை தாண்டி மரமெல்லாம் நின்னாத்தான் முழுச் சான்றாம். நடுவுல சொல்லாமக் கொள்ளாம வந்து பாக்குமாம். ஒரு மரம் குறைஞ்சாலும் கரண்ட்டைப் புடுங்கிருவாங்களாம். சொல்லிட்டுப் பையில இருந்து மஞ்சப் பெயின்ட் டப்பாவை எடுத்து, ஒவ்வொரு மரத்துலயும் நம்பர் போட்டுச்சு. கெளம்பறப்ப, "அந்த நாவல் சாஞ்சு நிக்குது பாருங்க. பையோட வெச்சா அப்படித்தான் சாயும்னு பொதுவாச் சொல்லுவாங்க. அடுத்த தடவை நான் வர்றப்ப நேரா நிக்கட்டும்"னுச்சு. பொதுவா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதானுங்க. அதுக்குத் தெரிஞ்சிருந்தா சும்மா உட்டுருக்குமா?

பொழுதோட வெள்ளிங்கிரி டெம்போவோட வந்து நின்னான் பாருங்க, மரத்தைக் கொண்டுபோக. நம்பரைப் பாத்ததும் தலையில கையை வெச்சுட்டான்.

"அண்ணோவ், நாளைக்கு இதே மரந்தான் பல்லடம் ரோட்டு காம்ப்ளெக்ஸுக்குப் போகோணும். அங்கியும் இந்தம்மாதான் வருது!"

"நம்பரைத் தொடச்சுட்டுக் கொண்டுபோயேன்."

"தொடச்சுக் கொண்டுபோனா இங்க இல்லாமப் போயிருமே. நாளைக்கழிச்சு வந்து பாத்தா?"

"அப்ப தொடைக்காமக் கொண்டுபோ."

"அப்ப அங்க மாட்டிக்குவேனே!"

ரெண்டு பேரும் அப்பிடியே உக்காந்துட்டோம். கடைசியில மொதலாளி பல்லைக் கடிச்சுக்கிட்டு மரத்தையெல்லாம் வெலைக்கே வாங்கிட்டாரு. "உன்ற வாயால வந்த வெனை, உன்ற பேர்ல நிக்குது. ஒரு மரம் செத்தாலும் உன்னைய அந்தக் குழியிலயே வெச்சு மூடிருவேன்"னாரு. வெள்ளிங்கிரி போறப்ப சொல்லிட்டுப் போனான், பையைக் கிழிக்கலேன்னா வேரு உள்ளயே சுத்திச் சுத்தி மரம் மூச்சு முட்டிச் செத்துப் போகும்னு. மக்கா நாளு வெடிஞ்சதும் நானும் ரெண்டு ஆளும் ஒவ்வொண்ணாத் தூக்கி, பையை அறுத்து, குழியை அகலமாப் பறிச்சு மறுபடி வெச்சோம். மழைநீர்க் குழியும் மேல வெறும் மூடிதானுங்க கெடந்துச்சு, கீழ குழியே இல்ல. மரத்துக்குத் தண்ணி நிக்காம ஓடறதைப் பாத்துட்டு அதையும் பறிக்க வேண்டியதாப் போச்சு. என்னங்க அநியாயம்! படத்துல இருக்கறதையெல்லாம் நெசத்துல செய்ய வெச்சுருச்சுங்க அந்தம்மா, அதுக்கே தெரியாம.

அப்புறம் எப்ப வரும்னே தெரியாது. ஒரு நாளு சீலை எடுக்க வந்தேன்னு வரும். ஒரு நாளு இந்தப் பக்கமாப் போனேன்னு வரும். வந்தா, "பூவரசு எலையில பூச்சி இருக்கே"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிரும். நான் வேப்பம்புண்ணாக்குத் தேடி மார்க்கெட்டெல்லாம் அலைவேன். ஆடிக் காத்துல நாவலு ஆடுன ஆட்டத்துல, நான் அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னுருக்கறேன். வாட்ச்மேன் என்னையப் போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிட்டான். என்ற ஊட்டுல, "எனக்குக் காய்ச்சல்னு படுத்தப்ப ஒரு கொடம் தண்ணி மோந்து குடுத்தீங்களா"ன்னு என்ற சம்சாரம் ஒரே அக்கப்போரு. அவளுக்கு என்ன தெரியும்? இது தொழிலு. எனக்கு இந்த மரத்து மேல ஒரு பாசமும் இல்லீங்க. எழுதி வேணா குடுக்கறேன்.

இதுல அந்த மகிழந்தானுங்க என்ற உசுரை வாங்குனது. ஜெனரேட்டர் பக்கம் நிக்குது பாருங்க, அதுதான். ஜெனரேட்டர் ஓடுனா புகைக்கொழா நேரா அதும் மூஞ்சியிலதான் ஊதும். எலையெல்லாம் சுருண்டு கருகிப் போச்சு. பாக்க முடியலீங்க. மொதலாளிகிட்டப் போயி, கொழாயை மேல திருப்பி உடோணும்னேன். "ஒரு மரத்துக்காக மேஸ்திரியைக் கூப்புடச் சொல்றயா"ன்னு மொறைச்சாரு. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியல, "திருப்பலேன்னா மேடத்துகிட்ட நானே போயிச் சொல்லிப்போடுவேன்"னுட்டேன். ஆபீசருகிட்டப் போட்டுக் குடுக்கறது! நானு! மொதலாளி வாயைத் தொறந்தவரு மூடவே இல்ல. கொழாயைத் திருப்பிட்டாரு. அதுவும் தொழில் சூட்சுமந்தானுங்க. மரம் செத்தாச் சான்று போயிருமே, அதுக்குத்தான் சொன்னேன்.

ரெண்டு மழை போச்சு. போன புரட்டாசியில அந்தம்மா முழுச் சான்றோட வந்துச்சு. எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு, "எனக்கு மாத்தல் வந்துருச்சு, சென்னியப்பன். இனி நான் வர மாட்டேன்"னுச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க. ஆமா, அப்பாடான்னுதான் இருந்துச்சு. ஆட்டோவுல ஏறறப்ப, "அந்த பாதாமை எடுத்துட வேண்டாம், அதுவும் நல்ல மரம்தான்"னு சொல்லிட்டுச் சிரிச்சுச்சு. வந்த நாள்ல இருந்து அந்தம்மா சிரிச்சு அன்னிக்குத்தானுங்க பாத்தேன். பாதாம் விசயம் எப்பிடித் தெரிஞ்சுது? அந்த வெள்ளிங்கிரிப் பய எவங்கிட்டயோ ஒளறி வெச்சிருப்பான். அவன் வாயில எதுவும் நிக்காது.

சான்று வந்த மக்கா நாளே மொதலாளி கூப்புட்டாரு. "தீவாளி வருது. கார் நிறுத்த எடமில்லாம சனங்க திரும்பிப் போறாங்க. மரத்தையெல்லாம் எடுத்துட்டுப் பழையபடி பிளாக்கைப் போட்டுரு"ன்னாரு. ரொம்ப சாதாரணமாச் சொன்னாருங்க. நானும் சரீங்கன்னுட்டு வெளிய வந்தேன். மரம் புடுங்கற மிசினு, ஆளு, எல்லாத்துக்கும் போன் போட ஆரம்பிச்சேன். இந்தா, இந்தத் திண்டுலதான் உக்காந்துக்கிட்டு. நம்பரைப் போட்டுப் போட்டு அழிச்சேன், ஒரு போனும் போகலீங்க. போன்ல எழுத்தே தெரியல. வெயிலு.

திரும்பி உள்ள போயி, "மொதலாளி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்தச் சான்றுக்கு மாசாமாசம் ஆய்வு உண்டுங்க. புது ரூலு. ஆளைச் சொல்ல மாட்டாங்க, சாதாரண சனம் மாதிரி யாராச்சும் வந்து பாத்துட்டுப் போவாங்க. மரம் இல்லேன்னா அன்னிக்கே கரண்ட் கட்டு"ன்னேன். அப்பிடி ஒரு ரூலும் இல்ல. நானே அவுத்து உட்டது! மொதலாளிக்கு ஆபீசுன்னாலே பயம், கவர்மென்ட் பேப்பரை அவரு கையில தொட்டதில்ல. "மாசாமாசமா?"ன்னு உக்காந்துட்டாரு.

சொன்னாப் போதுமா? ஆளு வரோணுமில்ல. போன மாசம் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு வந்தாரு. அதுக்கு முந்துன மாசம் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு, பிரமாதமாச் செஞ்சாரு, மொதலாளி அவருக்கு எளநி வெட்டிக் குடுத்தாரு. இந்த மாசத்துக்குத்தான் இன்னும் ஒருத்தரும் அமையல. நேத்துக்கூட மொதலாளி கேட்டாரு, "என்னப்பா, ஆளையே காணோம், ரூலை எடுத்துட்டாங்களா?"ன்னு.

பின்ன எதுக்குங்க உங்களை இவ்வளவு நேரம் உக்கார வெச்சுக் கதை சொல்றேன்னு நெனச்சீங்க? கண்ணாடி போட்டிருக்கீங்க, பையில பேனா வெச்சிருக்கீங்க, கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலே சொல்லாம மொறைக்கறீங்க. ஆபீசர் களை சொட்டுது போங்க.

அதோ, வெள்ளைக் கார்ல வந்து எறங்கறாரு பாருங்க, அவருதான் மொதலாளி. அட, எந்திரிங்க சாமி, எந்திரிங்க! ஒண்ணும் பேச வேண்டாம். நேரா அந்த மகிழத்துகிட்டப் போங்க. எலையைத் திருப்பிப் பாருங்க, மண்ணைப் பாருங்க, ஒரு தடவை தலையை ஆட்டுங்க. மொதலாளி கும்பிடு போடுவாரு. நீங்க திருப்பிப் போட்டுராதீங்க, காரியம் கெட்டுரும். "ம்"னு மட்டும் சொல்லுங்க.

பாத்து, பாத்துக் கால் வைங்க. கீழ உதுந்து கெடக்குது பாருங்க, மிதிச்சிராதீங்க. கூட்ட வந்தவளைக்கூட நான்தான் இன்னிக்கு வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டேன். இந்த வருசந்தானுங்க அது மொதமொதலாப் பூத்திருக்குது.